சேர்த்து எடுத்த படம்

பாய்,

உங்கள் பேத்தி ரெஹானா போன மாதம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மூடியை நெம்பித் திறந்ததும் காடி வாடை முகத்தில் அடித்தது. “பிலிம் கெட்டுப்போனா இப்படித்தான் வாடை வரும் தாத்தா” என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைத் திறக்கப் போனாள். வேண்டாம், குளிரும் என்று தடுத்தேன். குளிருக்காக மட்டும் தடுக்கவில்லை. உங்கள் ஸ்டுடியோவின் இருட்டறையில் நாம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்த காலத்தில், உங்கள் சட்டையிலும் என் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்த வாடை அது. இன்னும் சற்று நேரம் அறைக்குள்ளேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

உங்களுக்கு எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். படிக்க ஆளில்லாத மடலை எழுதுவது என்னைப் போன்ற ஒருவன் செய்கிற காரியமா என்று கூச்சமாக இருந்தது. ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை. அந்த ஒரு படம் எப்படி உண்டானது என்று முழுதாக அறிந்தவர்கள் மூன்று பேர்தான். படம் எடுக்க வந்த அந்த அம்மாள் போய்விட்டார். நீங்களும் போய்விட்டீர்கள். எதையும் உறுதியாகச் சொல்லத் தயங்குகிற நான்தான் மிச்சம் இருக்கிறேன்.

ரெஹானா ஊட்டியில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் புகைப்படக் கண்காட்சி வைத்திருக்கிறாள். இந்த மலைக்கு வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தவர்களின் உருவப்படங்கள். உங்கள் கடைச் சுவரில் மாட்டியிருந்தவற்றில் பாதி அதில் இருக்கின்றன. வெள்ளைக்காரர் முகாமுக்குப் பின்னால் மலையேறி வந்து ரொட்டி விற்ற உங்கள் பாட்டனார், தலைப்பாகையும் முழுக்கைச் சட்டையுமாக. ரயில் பாதைக்குக் கல் உடைக்க வந்த என் தாத்தா, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் தொடையில் ஒட்டிக்கொண்டு. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் சிரிப்பீர்கள். “ஏனுங்க இன்ஜினீயரே, உங்க வம்சமே இப்படித்தானா? கேமராவப் பார்த்தே பயப்படறாரு, வெடி வெச்சுப் பாறைய எப்படி உடைச்சாரு?” என்று கேட்பீர்கள். நான் இன்ஜினீயர் இல்லை, மின்சார இலாகாவில் வெறும் டிராஃப்ட்ஸ்மேன் என்று எத்தனை முறை திருத்தியும் நீங்கள் அந்தப் பெயரை விடவில்லை.

“இந்த ஊர்ல தோடர், படகரு மாதிரி நாலஞ்சு சனத்தை விட்டா, மத்தவங்க எல்லாம் யாரோ ஒருத்தர் பின்னாடி வந்தவங்கதானுங்க” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வீர்கள். வந்தவர்கள் முதலில் செய்கிற செலவு படம் எடுப்பது என்பதும் உங்கள் கணிப்பு. பிழைத்துக் கிடக்கிறோம் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே. அந்தப் படங்களிலெல்லாம் ஒரு கடன் வாங்கிய கோட்டும், ஒரு புதுச் செருப்பும், வேண்டுமென்றே நிமிர்த்திய ஒரு கழுத்தும் இருக்கும்.

சிலோனிலிருந்து வந்தவர்களின் படங்கள் வேறு மாதிரி இருந்தன. இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்தில் அங்கே தேயிலைத் தோட்டங்களில் இருந்த நம் மக்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில், ஒன்றாகப் பிறந்து வளர்ந்த அண்ணன் அந்த நாட்டுக்காரன் ஆனான், தம்பி இந்த நாட்டுக்காரன் ஆனான். கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, ரயிலேறி, கோத்தகிரிப் பக்கமும் கூடலூர்ப் பக்கமும் புதிதாகப் போட்ட தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து அண்ணனின் கசங்கிய சிறு படத்தை எடுத்து நீட்டி, “இவரு என் பக்கத்துல நிக்கிற மாதிரி எடுத்துத் தர முடியுங்களா?” என்று கேட்டார். முடியும் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எப்படி என்று உங்களுக்கே தெரியாது. அவர் போனதும் எனக்கு ஆள் அனுப்பினீர்கள்.

நான் அப்போது கிளென்மார்கனில் வேலை பார்த்தேன். வாரக் கடைசியில் பெர்ன்ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவேன். கல்யாணம் ஆகாதவன், எங்கே போவது என்று தெரியாமல் உங்கள் கடைக்கு வருவேன். அளவு பிசகாமல் வரைவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. இருக்கிறவரைத் தனியாக எடுப்பது, இல்லாதவரின் சிறு படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கி அச்சிடுவது, வெட்டி ஒட்டுவது, ஒட்டின ஓரத்தை மெல்லிய தூரிகையால் மறைப்பது, மொத்தத்தையும் திரும்ப ஒரு முறை படமாக எடுப்பது. இந்த முறையை நாம் இருவரும் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடித்தோம். முதல் படத்தில் அந்த அண்ணன் தரையிலிருந்து நாலு விரற்கடை மேலே மிதந்தார். “சாமியார் ஆயிட்டாரு போலிருக்கு” என்று சொல்லி நீங்கள் அதைக் கிழித்துப் போட்டது நினைவிருக்கிறது.

அதன்பிறகு உயரம் கேட்கும் வழக்கத்தை நான் கொண்டுவந்தேன். இல்லாதவர் உங்கள் பக்கத்தில் நின்றால் எதுவரை வருவார் என்று கேட்பேன். பெரும்பாலும் யோசிக்கவே மாட்டார்கள். காதைத் தொடுவார்கள், புருவத்தைத் தொடுவார்கள். ஒருவர் தன் மோவாயைத் தூக்கி, “தங்கச்சி இதுக்குக் கீழதான் நிப்பா, பேசினா சூடு கழுத்துல படும்” என்றார். நான் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். உங்கள் கடையின் பச்சைச் சுவரில் அப்படி எத்தனையோ கோடுகள் இருந்தன. ஆள் இல்லாத உயரங்கள். “வெள்ளையடிக்கற அன்னைக்கு இவங்க எல்லாம் எங்க போவாங்க?” என்று ஒரு நாள் கேட்டீர்கள். விளையாட்டாகத்தான் கேட்டீர்கள், ஆனால் அதன்பிறகு அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கவே இல்லை.

உங்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சேர்த்து எடுத்த படங்களில் யாரும் யாரையும் தொடக் கூடாது. இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். வராதவர்கள் வரவில்லை என்பது படத்தில் எங்காவது தெரிய வேண்டும் என்பீர்கள். தோளில் கை போட்ட மாதிரி வேண்டும் என்று கெஞ்சுவார்கள். கூடுதல் காசு தருவதாகச் சொல்வார்கள். நீங்கள் மசிய மாட்டீர்கள். “அவரு வந்து போடட்டுங்க. நான் போட்டா அது என் கையாயிருமுங்க” என்பீர்கள். உங்கள் பேச்சுகளில் எனக்கு முழுதும் புரிந்தது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டுப்பாட்டை நீங்கள் ஒரே ஒரு முறை தளர்த்தினீர்கள். கோத்தகிரித் தோட்டத்திலிருந்து வந்த அந்த அம்மாளுக்காக.

மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு பையன்களையும், நாலு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோர் தலையிலும் மழைக்குச் சாக்கை மடித்துப் போட்ட கொங்காடி. அதைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு, மடியிலிருந்து கணவரின் படத்தை எடுத்தார். கறுப்புக் கோட்டு போட்ட ஒரு மனிதர், நாற்காலி முதுகில் ஒரு கையை ஊன்றி நின்றார்.

“எங்க வீட்டுக்காரவுக. இவுகளையும் சேத்து எடுக்கணும்யா.”

“அண்ணன் எங்கம்மா இருக்காரு?” என்று கேட்டீர்கள்.

“அங்கதான் இருக்காக. மூத்தவன அந்த நாட்டுக்காரனா எழுதிட்டாக. ஒத்தையில விட்டுட்டு வர மனசில்ல. அவனுக்கு ஒரு வழி பண்ணிட்டு அடுத்த கப்பல்ல வாறேன்னுருக்காக.” குழந்தையை முன்னால் இழுத்து, “புள்ள தலையில கை வச்சிருக்கிற மாதிரி வேணும்” என்றார்.

“அதெல்லாம் நம்ம கடையில இல்லீங்கம்மா.”

அவர் கெஞ்சவில்லை. காசைப் பற்றிப் பேசவில்லை. குழந்தையின் ஈரத் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே சொன்னார். “அங்க எங்கள கப்பலுக்கு ரயிலேத்தி விடயில இது என் தோள்ல தூங்கிப்போச்சுய்யா. அவுக இது தலையில கைய வச்சு ரொம்ப நேரம் நின்னாக. ரயிலு நவுந்தப்புறம்தான் எடுத்தாக. இது முழிச்சிருந்தா இதுக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க புதுசா ஒண்ணும் பண்ண வேணாம். நடந்ததத்தான் கேக்குறேன்.”

நீங்கள் அந்தச் சிறு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். அந்தக் கை நாற்காலியில் ஊன்றியிருந்தது. அதை எப்படி வெட்டினாலும் குழந்தையின் தலையில் உட்காராது. பிறகு என் பக்கம் திரும்பி, வாடிக்கையாளர்களுக்காக ஆணியில் தொங்கவிட்டிருந்த கறுப்புக் கோட்டைக் காட்டி, “இன்ஜினீயரே, அந்தக் கடைக் கோட்டை மாட்டுங்க” என்றீர்கள்.

“நானா? நீங்களே நிக்கலாமே பாய்.”

“நான் நின்னா பொட்டியை யாரு அமுக்கறது? உங்க தாத்தாவா?”

நான் அந்த அம்மாளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். குழந்தை எனக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. என் வலது கையை அவள் தலைக்கு மேலே கொண்டுபோனேன், ஆனால் வைக்கவில்லை. நீங்கள் கறுப்புத் துணிக்குள்ளிருந்து குரல் கொடுத்தீர்கள். “வைங்க சார், புள்ள தலைதான். கரண்ட்டு ஆபீஸ்ல இருக்கறதால தொட்டாலே ஷாக் அடிக்கும்னு பயமா?” பையன்கள் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார் என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. அவர் குழந்தையிடம் மெதுவாகச் சொன்னது மட்டும் கேட்டது. “அப்பா கை வச்சிருக்காக. திரும்பாம நேரா பாரு.”

குழந்தை திரும்பவில்லை. பாய், அந்தக் குழந்தை மூச்சுகூட விடாமல் நின்றாள். தலைமயிர் மழையில் சில்லென்று இருந்தது. என் கைக்கு அடியில் அது சிறிது சிறிதாகச் சூடேறியது. நீங்கள் இரண்டாவது முறை எடுத்தீர்கள், பிறகு மூன்றாவது முறையும். இரண்டாவதே போதும் என்று எனக்குத் தெரியும். ஏன் மூன்றாவது எடுத்தீர்கள் என்று உங்களிடம் கேட்டதில்லை. முடிந்ததும் கண்ணால் சைகை காட்டினீர்கள். குழந்தை திரும்புவதற்குள் நான் இருட்டறைக்குள் போய்விட்டேன்.

என்னை வெட்டி எடுத்துவிட்டு அவரை ஒட்டினோம். அவர் கோட்டின் மடிப்பும் என் கோட்டின் மடிப்பும் சேருகிற இடம் முழங்கையில் வந்தது. முழங்கைக்கு மேலே அவர், கீழே நான். நான் செய்தவற்றில் மிகச் சுத்தமான ஒட்டு அதுதான். அந்த அம்மாள் வந்து வாங்கியபோது நெடுநேரம் பார்த்தார். “அவுக கொஞ்சம் மெலிஞ்சாப்புல தெரியுறாக” என்றார். “உங்க சமையல் இல்லாம மெலிஞ்சிருப்பாருங்க” என்றீர்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன், அந்த மனிதர் அடுத்த கப்பலிலோ அதற்கடுத்த கப்பலிலோ வந்து சேர்ந்திருப்பார் என்று.

வரவில்லை, பாய்.

ரெஹானா தன் படக்காட்சிக்காகப் பல தோட்டங்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். முகங்களை அடையாளம் காட்ட என்னையும் மண்டபத்துக்குக் கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். கோத்தகிரியிலிருந்து ஒரு பெண்மணி துணிப் பையில் சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்தார். பெயர் பாக்கியம். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நரைத்த தலை. பையிலிருந்து படம் பாதி வெளியே வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இது எங்கப்பாருங்க” என்று ரெஹானாவிடம் காட்டினார். “இந்தா நிக்கறது நான். எனக்கு அப்பா மொகம் ஞாபகமில்ல. ஆனா அந்தக் கை ஞாபகம் இருக்குங்க. அந்தக் கனம் இன்னும் உச்சந்தலையில இருக்குது. ஒரு கஷ்டம்னா நான் சாமியக்கூடக் கும்பிட மாட்டேன், இங்க ஒரு தடவை தொட்டுக்குவேன்.”

நான் மேசைக்கு அடியில் என் கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ரெஹானா என்னைப் பார்த்து, “இந்தப் படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா தாத்தா?” என்றாள். “எங்க கடைப் படம்தான்” என்று மட்டும் சொன்னேன்.

சேர்த்து எடுத்த படம் என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவும் அவர்களுடன் வந்து, படம் எடுத்துக்கொண்டு, மூத்த மகனைக் கூட்டி வரத் திரும்பிப் போனதாகவே அவர் ரெஹானாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ரெஹானா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பிஸ்கட் டப்பாவில் இருந்ததை எல்லாம் சுத்தம் செய்து அதில் ஏற்றியிருந்தாள்.

“தாத்தா, நடுவுல நிக்கறது யாரு?”

அதே நாற்காலி, அதே பையன்கள், அதே குழந்தை. பின்னால் கடைக் கோட்டில் நான், தலையைச் சற்றுக் குனிந்துகொண்டு.

“நீங்கதானே? முடி மட்டும்தான் வித்தியாசம்.” சிரித்தாள். அவள் சிரித்தால் உங்கள் முகம் வருகிறது. “மூணையும் பக்கத்துல பக்கத்துல மாட்டப் போறேன். அவரு தனியா நின்னது, நீங்க நின்னது, சேர்த்தது. ஒரு குடும்பம் ரெண்டாப் போனதை இதைவிட எப்படிக் காட்டறது?”

“அந்தம்மா பார்ப்பாங்களேம்மா.”

“பார்க்கட்டும். அவங்க கதைதானே?”

“அவங்ககிட்ட இருக்கறது அந்தக் கை ஒண்ணுதான்.”

“அதுக்காக? உண்மை தெரிஞ்சும் அப்பா கைன்னு கீழே எழுதி ஒட்டவா? அதுவும் எங்க நன்னா கடைப் பேரைப் போட்டு?” தாத்தாவான உங்களை இன்னும் நன்னா என்றுதான் சொல்கிறாள். அவள் கோபப்படவில்லை. எனக்குப் புரிய வைக்கப் பார்த்தாள். “இந்தப் படங்களை எல்லாம் பார்த்து ஜனங்க நம்பணும் தாத்தா. ஒண்ணுல மறைச்சா மத்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க. சுவத்துல பார்த்துத் தெரிஞ்சுக்கறதைவிட அது நல்லது.”

அவள் சொன்னது சரி. அவள் சொன்னது சரியில்லை என்றும் தோன்றியது. உங்களிடம் கேட்டிருந்தால் ஏதாவது கிண்டல் செய்து முடிவைச் சொல்லியிருப்பீர்கள். நான் கோத்தகிரி பஸ்ஸில் ஏறினேன். தொட்டபெட்டா தாண்டும் வரை இறங்கித் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாக்கியத்தின் வீடு தோட்டத்தை ஒட்டிய சரிவில் இருக்கிறது. “ஐயா, பஸ்ஸுலயா வந்தீங்க? போன் பண்ணியிருந்தா மவன் ஜீப்புல கூட்டியாந்திருப்பானே” என்று பதறினார். டீயும் வர்க்கியும் கொடுத்தார். அந்தப் படம் ரெஹானாவிடம் இருந்ததால் சுவரில் அதன் இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில், முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். மழை, கொங்காடி, சிறு படம், நாற்காலியில் ஊன்றிய கை, கடைக் கோட்டு, ஒட்டு. அவர் அம்மா ரயிலடியைப் பற்றிச் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

முடியும்வரை அவர் டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா ஏன் எங்கிட்டச் சொல்லல? அன்னைக்குக் கூட நின்ன அண்ணனுங்ககூடச் சொல்லலையே?”

“வந்துருவார்னு இருந்திருப்பாங்கம்மா. வந்தப்புறம் சொல்லிச் சிரிச்சுக்கலாம்னு.”

“அப்பாரு வரலீங்க.” சுவரில் வெளுத்த இடத்தைப் பார்த்தார். “அங்க இருந்த மூத்த அண்ணன் ஒரு மழைக்காலத்துல கடுதாசி போட்டுச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எழுதுச்சு. ஊரெல்லாம் வந்து, படத்துக்கு மாலை போடுன்னாங்க. அம்மா போட விடல. எல்லாரும் சேந்துல்ல நிக்கறோம், மாலை போட்டா புள்ளைங்களுக்கும் சேத்துல்ல விழும்னுருச்சு. அதனால எங்கப்பாரு படத்துக்கு இன்னைக்கு வரைக்கும் மாலையில்லீங்க ஐயா. மாலை இல்லாததால எனக்கு அவரு செத்த மாதிரியே இல்ல.”

பாய், நாம் சேர்த்து எடுத்துக் கொடுத்த படங்களில் எத்தனை வீடுகளில் இப்படி நடந்திருக்கும்? இதை நாம் யோசித்ததே இல்லை. இல்லாதவரை இருக்கிறவர்களோடு ஒட்டிவிட்டோம். அவர் இறந்தபின் பிரித்து எடுக்க அவர்களுக்கு வழியில்லை.

பாக்கியம் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பலகை ஒன்றை இழுத்து என் நாற்காலிக்கு முன்னால் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தலையில் கட்டியிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்தார்.

“வைங்க ஐயா.”

“எதுக்கும்மா?”

“வைங்க. அந்தக் கைதானான்னு பாத்துக்கறேன்.”

என் கையை மடியில் ஒரு முறை துடைத்துக்கொண்டேன். அதை அவருடைய நரைத்த தலையில் வைத்தேன். உச்சியில் முடி மெலிந்து, தோல் தெரிந்தது. அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் கண்களை மூடியிருந்தாரா என்று தெரியவில்லை. இந்த முறையும் நான் பின்னால்தான் இருந்தேன். எடுக்கச் சொல்லும்வரை எடுக்கக் கூடாது என்று காத்திருந்தேன். அவர் அன்றைக்கு நின்றதைப் போலவே அசையாமல் இருந்தார்.

பிறகு மெதுவாகத் தலையை அசைத்தார்.

“இது இல்லீங்க ஐயா.”

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

“அது கனமா இருந்துச்சு. இது காத்தாட்டம் இருக்குது.”

“எனக்கும் வயசாயிருச்சும்மா. அப்ப நான்...”

“அதில்லீங்க.” அவர் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. கண்கள் நனைந்திருந்தன, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. “நீங்களும் வச்சிருப்பீங்க. இல்லேன்னு சொல்லல. நான் சொல்ற கை வேற. எங்கம்மா சொல்லுச்சுல்ல, ரயிலு நகர்ற வரைக்கும் எடுக்கலன்னு. அது.”

நாலு வயதில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு உண்டா என்றும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லத்தானே போனேன், சொல்லிவிட்டேன். அவர் அதை வாங்கி, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது, “அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, மூணையும் மாட்டட்டும்” என்றார். “நான் ஒண்ணு முன்னாடி மட்டும் நின்னுக்கறேன்.”

அப்படியே நின்றார். படக்காட்சி தொடங்கிய அன்று மகனோடும் மருமகளோடும் வந்து, மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்காமல் நேரே போய்ச் சேர்த்து எடுத்த படத்தின் முன்னால் நின்றார். வந்தவர்கள் கேட்டபோது, “எங்கப்பாரு” என்று சொன்னார். கை யாருடையது என்று கீழே ரெஹானா எழுதி ஒட்டியிருந்ததை அவர்கள் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. ரெஹானா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை தன் கையாலேயே அந்தச் சீட்டை எடுத்துவிட்டு வேறு எழுதி ஒட்டினாள். படத்தில் இருப்பவர்கள் எங்கிருந்து எங்கே வந்தார்கள், யார் வரவில்லை என்பது மட்டும் அதில் இருக்கிறது. கை யாருடையது என்று எழுதவில்லை. கேட்பவர்களுக்கு அவளே வாயால் சொல்கிறாள், முழுக் கதையையும்.

நான் இதையெல்லாம் உங்களிடம் சொல்வது எதற்காக என்றால், நீங்கள் ஒருவர்தான் அன்று முன்னாலிருந்து பார்த்தீர்கள். என் முகத்தையும் குழந்தையின் முகத்தையும் ஒன்றாகப் பார்த்தவர் நீங்கள். நான் அழுத்தி வைத்தேனா, பட்டும் படாமலும் வைத்தேனா? பட்டும் படாமலும்தான் வைத்திருப்பேன், எனக்கு அதுதானே தெரியும். அப்படியானால் கனமாக இருந்தது என்று அந்தப் பெண்மணி சொல்வது வேறு கைதானோ என்னவோ. சில நாட்களில் அப்படி நம்பிவிடுகிறேன். அப்போது உள்ளே ஏதோ ஒன்று காலியாகிவிடுகிறது. எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அன்றைக்கு மூன்று முறை பெட்டி அமுங்குகிற நேரம், ஒரு குழந்தை என்னை அப்பா என்று நினைத்து அசையாமல் நின்றாள் என்பதை இத்தனை காலம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். உங்களிடம்கூடச் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவதே போதும் என்று தெரிந்தும் நீங்கள் மூன்றாவது எடுத்தீர்கள்.

பாக்கியத்தைப் பொறுத்தவரை அந்தக் கை என்னுடையது அல்ல. அப்படியே இருக்கட்டும், அவருக்கு அது நியாயம். ஆனால் மழையில் சில்லிட்டிருந்து என் உள்ளங்கைக்கு அடியில் மெல்லச் சூடேறிய அந்தச் சின்னத் தலை அவளுடையதுதான். அதை மட்டும் என்னால் யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, பாய்.